நான்காம் பதிப்பில் எடுத்துவிட்ட சொல்

அரளிமேட்டில் வேண்டாம் என்ற சொல் காணாமல் போனது ஆடி மாதத்து இரண்டாவது புதன்கிழமை, காலையில் பால் வாங்கும் நேரத்தில். முதலில் அதைக் கண்டுகொண்டவள் அன்னக்கொடி. தங்கவேலு கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு திரும்பியவளிடம், "இன்னொண்ணு போடட்டுங்களா அக்கா, நாளைக்குக் கடை லீவு" என்று அவர் கேட்க, அவள் வாயைத் திறந்தாள். சொல் இருக்கவேண்டிய இடத்தில், பல் விழுந்த மறுநாள் குழியைத் தேடிப் போகும் நாக்கைப்போல, அவள் நாக்கு வெறுமையைத் தடவிவிட்டு வந்தது. "சரிங்க" என்றாள். இன்னும் ஒன்று என்றார், சரிங்க என்றாள். ஏழு பாக்கெட் பாலோடு வீட்டுக்கு வந்து, பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றிச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிண்டி, அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட வாங்கிக்கொண்டார்கள், ஏனென்றால் மறுத்துச் சொல்ல அவர்களிடமும் அந்தச் சொல் இல்லை.

வேண்டாம் தனியாகப் போகவில்லை. போகும்போது தன் கூடப்பிறந்த மாட்டேனையும் முடியாதையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போயிருந்தது. இல்லை மட்டும் இருந்தது. வீட்டில் உப்பு இல்லை என்று சொல்ல முடிந்தது, மழை இல்லை என்று சொல்ல முடிந்தது, ஆனால் ஒருவர் கேட்டதற்கு மறுப்பாக அதைச் சொல்லப்போனால் உதடு ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தார்கள். கழுத்து, கோயில் மாட்டின் கழுத்தைப்போல, மேலும் கீழுமாக மட்டுமே ஆடியது.

கோயமுத்தூரின் கிழக்கு ஓரத்தில், மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பி நிற்க நடுவே பள்ளமாய்க் கிடந்த ஊர் அது. மேடு என்பது பெயரில் மட்டும்தான். நூற்றெண்பது வீடு. அந்த அடுக்குமாடிகளில் சமைப்பவர்களும் பாத்திரம் விளக்குபவர்களும் கார் துடைப்பவர்களும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அங்கிருந்துதான் போனார்கள். ஒன்றரை வருடமாக அவர்கள் எல்லாருடைய கைபேசியிலும் கைத்துணை என்ற செயலி இருந்தது. வேலை அதில் வரும். எந்த வீடு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்.

அந்தச் செயலியின் முகத்தை வரைந்தவள் அன்னக்கொடியின் தங்கை வாசுகி. எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக, அமுக்கியதும் என்ன நடக்கவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அவள் வேலை. அக்காவுக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட, அன்னக்கொடிதான் நான்கு வீடுகளில் சமைத்துத் தங்கையை டிசைன் படிக்கவைத்தாள். வாசுகிக்கு இப்போது அவிநாசி சாலையில் நான்காவது மாடியில் அலுவலகம், பக்கத்திலேயே வாடகை வீடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரளிமேடு.

செயலியின் முதல் பதிப்பை அவள் அக்காவின் கையைப் பார்த்துத்தான் வரைந்தாள். மஞ்சளும் சோப்பும் ஏறி வெடித்த கட்டைவிரல் அது. சின்ன எழுத்தில் சரியாகப் படாது. அதனால் திரையின் அடியில் இரண்டு பொத்தான் வைத்தாள். ஒன்றில் சரி, ஒன்றில் வேண்டாம். இரண்டும் ஒரே அகலம், ஒரே உயரம், இரண்டும் ஈரக் கைக்கும் கேட்கும். அரளிமேட்டுப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வாழ்நாளில் யாரும் அவர்களிடம் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை.

நிறுவனத்தை நடத்திய கிஷோருக்கு அது பிடிக்கவில்லை. அவன் சத்தம் போடுகிற ஆள் அல்ல. எல்லாரிடமும் மரியாதையாகப் பேசுவான், பிறந்தநாளை நினைவில் வைத்திருப்பான். "வாசுகி, நூறு பேருக்கு வேலை அனுப்பினா முப்பத்தொம்பது பேர் வேண்டாம்ங்கறாங்க. அங்க விரல் நிக்குது பாருங்க, அதுதான் உரசல். உரசலை எடுக்கறதுதானே நம்ம தொழில்" என்றான். அவர்கள் தொழிலில் உரசல் என்பது கெட்ட வார்த்தை. பயன்படுத்துகிறவரின் விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வாசுகி சரி என்றாள். இரண்டாம் பதிப்பில் சரி பச்சையாகிப் பெருத்தது, வேண்டாம் சாம்பலாகிச் சிறுத்தது.

மூன்றாம் பதிப்பில் வேண்டாமை அமுக்கினால் ஒரு கேள்வி வந்தது: உறுதியாகவா? ஒரு குடும்பம் உங்களை நம்பிக் காத்திருக்கிறது. கூடவே, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கண் கலங்கும் ஒரு குழந்தையின் படம். கிஷோர் கேட்க, சரி என்று சொல்லி அந்தப் படத்தையும் வாசுகிதான் வரைந்தாள். அதன் பிறகு முப்பது நொடி கடிகாரம் வந்தது. முப்பது நொடிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். நான்காம் பதிப்பில், "இவ்வளவு சின்னதா ஆனப்புறம் அது எதுக்குங்க அங்க? ஸ்கிரீன் சுத்தமா இருக்கட்டுமே" என்று கிஷோர் கேட்டான். வாசுகி சரி என்று சொல்லி எடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாலை அது எல்லாக் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அன்னக்கொடி பால் வாங்கப் போனாள்.

ஊர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது. சுகாதார நிலையத்து டாக்டர் அறுபது தொண்டைகளை டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்தார்கள். மாகாளியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பூசாரி இன்னொரு கிண்ணம் ஊற்றினார், இன்னொரு கிண்ணமும் குடித்தார்கள். வார்டு உறுப்பினர் மனு கொடுப்பதாகச் சொன்னார், ஆனால் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அவர் கூப்பிட்ட கூட்டத்துக்கெல்லாம் அப்போது ஊரே வந்துகொண்டிருந்தது.

செய்தி வெளியே போனதும் விற்கிறவர்கள் வந்தார்கள். மூன்றே வாரத்தில் குடிநீர்க் குழாய் வராத அரளிமேட்டில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் சுவரில் தொங்கியது. மூன்று மதத்துக்காரர்களும் வந்து துண்டுப் பிரசுரம் கொடுத்து, ஒரே ஆளை ஒரே நாளில் மூன்று பிரார்த்தனைக்கு எழுதிக்கொண்டு போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் மறுப்புச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்யாணத் தரகர் பதினொரு போட்டோவோடு வந்து, எதிர்த் தெருக்காரர்கள் அவர் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்ட பிறகுதான் போனார். சின்னச்சாமி என்ற பெரியவர் ஒரு காதுகுத்து விருந்தில் பரிமாறியவர் கேட்கக் கேட்க ஒன்பது முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அப்படியெல்லாம் பட்டுத்தான் ஊர் ஒரு வழக்கத்துக்கு வந்தது. அரளிமேட்டில் ஒருவரை ஒருவர் கேட்பதை விட்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் டீ வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், குடிப்பதும் விடுவதும் வந்தவர் இஷ்டம். புருஷன் பெண்டாட்டியைக் கேட்கவில்லை, பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டு படுத்தான், அவள் வந்தால் உண்டு. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் கேட்பதே ஒரு அடி என்று அந்த ஊருக்கு விளங்கிவிட்டது.

வெளியாட்களைச் சமாளிக்க ராஜாமணி இருந்தார். முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பழைய பட்டன் போன் மட்டுமே இருந்ததால் அவர் வாயில் எல்லாச் சொல்லும் பத்திரமாக இருந்தது. பிள்ளைகளிடமும் அது இருந்ததுதான், ஆனால் பிள்ளைகள் சொல்லி யார் கேட்கிறார்கள்? கண்டக்டர் குரல் அப்படி அல்ல. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இந்தம்மாவுக்கு வேண்டாம். இவிங்களுக்கு வேண்டாம். அடுத்த வீட்டுக்கும் வேண்டாம், வண்டிய எடு" என்று விற்பனைக்காரர்களைத் தெருவோடு அனுப்பினார். ஆனால் கைத்துணை கேட்பது கைபேசிக்குள். அதற்குள் ராஜாமணியின் குரல் போகாது.

வாசுகிக்கு அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே புரிந்துவிட்டது. வழக்கமாக, இன்னொரு தோசை போட்டுக்க அக்கா என்றால், வேண்டாம் போடி என்பவள் அன்னக்கொடி. அன்று அவள் ஏழு தோசை சாப்பிட்டாள், கண்ணில் தண்ணீர் தளும்பத் தளும்ப, தங்கையையே பார்த்துக்கொண்டு. எட்டாவதைக் கேட்காமல் வாசுகி தட்டை எடுத்துவைத்தாள். சாயங்காலமே தன் வாடகை வீட்டுக்குத் திரும்பினாள். திங்கள்கிழமை கிஷோரிடம், அரளிமேட்டில் இப்படி நடக்கிறது என்றாள். அவன் ஆச்சரியப்படவில்லை. கணினியைத் திருப்பி ஒரு கோட்டைக் காட்டினான். அது தென்னை மரம்போல மேலே போய்க்கொண்டிருந்தது. "தொண்ணூத்தேழு பேர் சரிங்கறாங்க, வாசுகி. பழகிட்டாங்க. கொஞ்ச நாள் பார்ப்போமே" என்றான். வாசுகி சரி என்றாள். வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது இருந்தது. தெளிவாக, முழுசாக இருந்தது.

அதன் பிறகு ஆவணி வந்தது. அரளிமேட்டில் பெண்கள் காய்ச்சலோடு வேலைக்குப் போனார்கள், மாதவிலக்கானாலும் போனார்கள், ஒருத்தி தன் மாமியாரின் பதினாறாம் நாள் காரியத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். நான்கு வீடு சமைத்த அன்னக்கொடி ஒன்பது வீடு சமைத்தாள். அவள் முகம் கறுத்துச் சுருங்கியது. சொல்ல முடியாமல் உள்ளேயே சேர்ந்த மறுப்பெல்லாம் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது என்று பிறகு சொன்னாள். குனிந்து கூட்டும்போது அந்தக் கற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டதாம்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது மாடி வீட்டில் சமையலை முடித்துவிட்டுக் கிளம்பியவளிடம் அந்த வீட்டுக்காரம்மா, "சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. சன்ஷேடுல நின்னு ஒரு தடவ துடைச்சிடறீங்களா? பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிருங்க, ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். போலீஸிடமும் அதையே சொல்லி அழுதாள், நான் கேட்டுத்தானே சொன்னேன் என்று. அன்னக்கொடி கீழே பார்த்தாள். சன்ஷேடு ஒரு முழ அகலம்கூட இல்லை, ராத்திரி பெய்த மழையில் பாசி ஈரமாக இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். கழுத்து மேலும் கீழும் ஆடியது. "சரிங்க" என்று சொல்லித் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே காலை வைத்தாள்.

கீழே ஒரு காரின் தகரக் கூரை இருந்ததால் உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு உடைந்தது, வலது கை இரண்டு இடத்தில் உடைந்தது.

அரசு ஆஸ்பத்திரி வார்டில் அவளுக்கு மயக்கம் தெளியாமல் இருந்தபோது, தலைமாட்டில் விரிசல் விட்டுக் கிடந்த கைபேசி பாடியது. புது வேலை. ஐந்து பேர் குடும்பம், மதியச் சமையல், அரைமணி நேரத்தில் வரவேண்டும். பச்சை வட்டம் முப்பதிலிருந்து இறங்க ஆரம்பித்தது. வாசுகி பாய்ந்து கைபேசியை எடுத்தாள். அமுக்கித் தடுக்க எந்த இடமும் இல்லை, அவள்தான் எடுத்துவிட்டாளே; மேலே தட்டினாள், கீழே தட்டினாள், எங்கே தட்டினாலும் விரல் வழுக்கிக்கொண்டு போனது, அவ்வளவு வழவழப்பாக அவள் தேய்த்து வைத்திருந்தாள். வட்டம் தீர்ந்தது. வாழ்த்துகள் அன்னக்கொடி என்று எழுத்து வந்து திரை முழுக்கப் பூ சொரிந்தது. அந்தப் பூ ஒவ்வொன்றும் சுழன்றுகொண்டே விழுவதற்காக அவள் மூன்று நாள் உட்கார்ந்து உழைத்திருந்தாள். கிஷோர் அதற்குக் கை தட்டினான், அவளுக்கும் அன்று பெருமையாக இருந்தது. அந்த நினைப்பு இப்போது அவளைச் சுட்டது. கைபேசியை உடைக்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து அக்காவின் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது. பதினொரு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"எங்க அக்கா மூணாவது மாடியிலருந்து விழுந்துட்டாங்க. நம்ம வேலைக்குப் போன இடத்துல" என்றாள் வாசுகி.

கிஷோரின் முகம் உண்மையாகவே வாடியது. கத்தியைக் கீழே வைத்தான். ஆஸ்பத்திரிச் செலவை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றான், எந்த வார்டு என்று விசாரித்தான், உட்காருங்க என்று நாற்காலி இழுத்துப் போட்டான். எப்படி விழுந்தாள் என்று அவள் சொல்லி முடித்ததும், வருத்தத்தோடு, மெதுவாக, "பாவம். அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றான்.

வாசுகி அவனையே பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை, பொய் சொல்லவில்லை. தான் எடுத்த பொருளை எடுத்ததாகவே அவனுக்கு நினைவில்லை. அவளுக்கு வந்த கோபம் அவன் மேல் மட்டும் நிற்கவில்லை. அது அவனைத் தாண்டி, கேக்கைத் தாண்டி, இந்தச் செயலியை வரைந்ததற்காக அவள் விருது வாங்கியபோது எடுத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேல் போய் நின்றது.

"ஒரு துண்டு எடுத்துக்கங்க, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்கமாட்டீங்க" என்று யாரோ தட்டை நீட்டினார்கள்.

"வேண்டாம்" என்றாள் வாசுகி.

நீட்டிய தட்டு அப்படியே நின்றது. அந்த அலுவலகத்தில் ஆறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அதைக் கேட்டவர்கள் இல்லை. அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் தொழிலில் எதையும் யாரும் அழிப்பதில்லை, பின்னால் தேவைப்படும் என்று மறைத்துத்தான் வைப்பார்கள். வேண்டாம் பொத்தானும் அங்கேதான் ஒரு மூலையில் கிடந்தது. அதை எடுத்தாள். திரையின் பாதிக்கு அகலப்படுத்தினாள். அழும் குழந்தையை எடுத்தாள், கடிகாரத்தை எடுத்தாள், உறுதியாகவா என்ற கேள்வியை எடுத்தாள். கிஷோர் பின்னால் வந்து நின்று, "என்ன பண்றீங்க? பேசிட்டுப் பண்ணலாமே, வாசுகி" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். பகல் இரண்டு இருபது.

இரண்டு இருபத்தொன்றுக்கு அரளிமேட்டுக்காரர்களின் வாயில் அந்தச் சொல் திரும்பி வந்தது. மூன்று பக்கத்து அடுக்குமாடிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சமையலறைகளில் பெண்கள் கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, குழாயை மூடிவிட்டு, வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தார்கள். கார் துடைத்தவர்கள் காரைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்ததால் யாராலும் நிறுத்த முடியவில்லை. காற்றுக்கு வேண்டாம் என்றார்கள், வெயிலுக்கு மாட்டேன் என்றார்கள், பஸ் ஹாரன் அடித்தால் முடியாது என்றார்கள், பெற்ற பிள்ளை முத்தம் கேட்டதற்குக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்புறம் அள்ளிக் கொடுத்தார்கள். சுவரில் இருந்த மெஷின்களைக் கழற்றித் தெருவில் அடுக்கினார்கள். ராஜாமணி வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார், அவரை யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார்.

சாயங்காலத்துக்குள் கிஷோர் பொத்தானை மறுபடி மறைத்துவிட்டான். ஆனால் அதற்குள் அரளிமேட்டில் ஒரு கைபேசியிலும் கைத்துணை இல்லை. அடுத்த மாதம் அது வேறு பெயரில் வேறு ஊருக்குப் போனதாகவும், அங்கே அதற்கு முகம் வரைய நல்ல கையுள்ள ஒரு பெண் கிடைத்திருப்பதாகவும் சொன்னார்கள்.

வாசுகி வேலை போன கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அன்றே ஐந்து மணிக்கு வார்டுக்குப் போனாள். அன்னக்கொடி விழித்திருந்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வாசுகி ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் பதிப்பிலிருந்து அந்தத் திங்கள்கிழமைப் பேச்சு வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

"சரியானதும் எங்கூட வந்து இருந்துக்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள் கடைசியில்.

"வேண்டாம்" என்றாள் அன்னக்கொடி.

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து எவ்வளவோ நாளாயிற்று. வாசுகிக்குக் கண் நிறைந்தது.

"அழுகாத. எனக்குப் பாவம் பாக்கற தெம்பு இப்ப இல்ல" என்றாள் அன்னக்கொடி. "எங்கிட்ட அது இல்லாமப் போச்சு, நான் ஜன்னலுக்கு வெளிய காலை வெச்சேன். உங்கிட்ட இருந்துச்சில்ல கண்ணு?"

வாசுகி தலை குனிந்தாள்.

"அந்தாளு உன்னய நாலு தடவ கேட்டான்னு சொன்ன. நாலு தடவையும் நீ என்ன சொன்ன?"

வார்டில் யாரோ இருமினார்கள். டிராலி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை.

"சரின்னு சொன்னேன்கா" என்றாள் வாசுகி.

அன்னக்கொடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்; வாசுகி உட்கார்ந்தே இருந்தாள். அக்கா அவளைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.